பழைய காருக்கு இணையத்தில் வரும் சந்தேக அழைப்புகள்: முதன்முறை விற்பவர்களுக்கான வழிகாட்டி

வீட்டு முகப்பில் பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ பிரீமியர் பத்மினியையோ அம்பாசடரையோ இணைய விளம்பரம் மூலம் விற்க முன்வருபவர்களுக்கு, விளம்பரம் வெளியான அன்றே அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அழைப்பவர்களில் உண்மையாகவே வாங்க நினைப்பவர்களும் இருப்பார்கள், புரோக்கர்களும் இருப்பார்கள், வண்டியில் எந்த அக்கறையும் இல்லாமல் விற்பவரின் வங்கிக் கணக்கை மட்டுமே குறிவைப்பவர்களும் இருப்பார்கள். இந்தக் கடைசி வகையினரை எப்படி அடையாளம் காண்பது, அவர்களிடம் சிக்காமல் விற்பனையை எந்த வரிசையில் முடிப்பது என்பதை, இதற்கு முன் எந்த வண்டியையும் இணையத்தில் விற்றிராதவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய கார்கள் மோசடிக்காரர்களுக்கு வசதியாக அமைவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாண்டு ஓடிய ஒரு மாருதி காருக்கு என்ன விலை கிடைக்கும் என்று எந்தக் கார் கன்சல்டிங்கில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த ஹெரால்டுக்கு அப்படி நிலையான சந்தை விலை எதுவும் கிடையாது. தரைத்தகடு துருப்பிடித்து இன்ஜின் அசையாமல் நிற்கும் ஒரு வண்டிக்கும், உரிய பாகங்களுடன் பழுதுபார்த்துப் பளபளப்பாக வைத்திருக்கும் இன்னொரு வண்டிக்கும் இடையே விலை பல மடங்கு மாறும். விற்பவர் பெரும்பாலும் அந்த வண்டியை வாங்கிய மனிதராக இருப்பதில்லை. அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்றதைக் கையில் வைத்திருப்பவராகவே இருக்கிறார். எனவே, சொல்லப்படும் தொகை நியாயமானதா, அளவுக்கு மீறியதா என்று அவரால் கணிக்க முடிவதில்லை. உண்மையான ஆர்வலர்கள் கோயம்புத்தூர், பெங்களூரு, கொச்சி, மும்பை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் அழைப்பார்கள் என்பதால், வெகுதூரத்திலிருந்து ஒருவர் பேசுகிறார் என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடம் தருவதும் இல்லை.

விளம்பரம் இடுவதற்கு முன்

முதலில் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுபெற்ற உரிமையாளர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனையைத் தொடங்குவது நல்லது. ஆர்.சி. இன்னும் பழைய புத்தக வடிவிலேயே இருந்தால், அதன் விவரங்கள் மத்திய அரசின் ‘வாகன்’ என்ற வாகனப் பதிவுத் தளத்தில் ஏற்றப்பட்டுள்ளனவா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இல்லையென்றால் ஏற்றச் சொல்லுங்கள். தனியார் கார்களுக்கு 15 ஆண்டுகள் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் கையில் இருக்க வேண்டிய தகவல். இவை மோசடிக்கும் தொடர்புடையவைதான். ஆவணங்களில் குறை வைத்திருப்பவரிடம், “அதெல்லாம் பரவாயில்லை சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எவர் சொன்னாலும் அவருக்கு அது நிம்மதியாக ஒலிக்கும். அந்த நிம்மதியில்தான் கவனம் தளர்கிறது.

அடுத்தது விலை. அந்த ரக வண்டியைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் மெக்கானிக், டிங்கரிங் வேலை செய்பவர், உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழைய வாகன ஆர்வலர் குழுவில் இருப்பவர் என இரண்டு மூன்று பேரிடம் வண்டியைக் காட்டிக் கேளுங்கள். நியாய விலை எந்த எல்லைக்குள் வரும் என்பது தெரிந்தால், அதைவிட ஒரு லட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் குரல் உங்களைத் தடுமாற வைக்காது.

விளம்பரத்தில் இடும் படங்களில் பதிவு எண்ணை மறைத்துவிடுங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றின் படங்களை வெளியிடவே கூடாது. இவை கிடைத்தால், உங்கள் படங்களையே பயன்படுத்தி, பாதி விலைக்கு அதே வண்டியை வேறொரு ஊரில் இன்னொருவர் ‘விற்க’ முடியும், ஏமாந்தவர் ஆர்.சி.யில் உள்ள முகவரியைத் தேடி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். விற்பனைத் தொகையைப் பெறுவதற்குச் சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கைத் தராமல், குறைந்த இருப்புள்ள தனிக் கணக்கு ஒன்றைத் தருவது நல்லது. விளம்பரத்தின் கடைசி வரியில், வண்டியை நேரில் பார்த்த பிறகே பேச்சு, பணமோ வண்டியை வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்து வங்கி வழியாக மட்டும் என்று எழுதிவிட்டால், வீண் அழைப்புகளில் ஒரு பகுதி தானாகவே குறையும்.

முதல் செய்தியை எப்படி வாசிப்பது

பழைய காரை உண்மையில் வாங்க நினைப்பவர் விற்பவருக்குத் தொல்லை தருபவராகவே இருப்பார். தரைத்தகட்டில் துரு இருக்கிறதா, கதவுக்குக் கீழே உள்ள சட்டம் ஒட்டுப்போட்டதா என்று கேட்பார். அம்பாசடர் என்றால் எந்த மார்க் (மாடல் பதிப்பு), பழைய இன்ஜினா அல்லது பிற்காலத்து இசுசு இன்ஜினா, கியர் ஸ்டீயரிங் தண்டிலா தரையிலா என்பார். பத்மினி என்றால் டேஷ்போர்டு மாற்றப்பட்டதா என்பார். ஹெரால்டு என்றால், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அந்த அழகான பானட்டின் கீல்கள் சரியாக இருக்கின்றனவா என்பதையும், அடிச்சட்டத்தின் நிலையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போகின்றனவா, வண்டி வாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்று விடாமல் துளைப்பார். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியாக இருந்தால், 2021இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி விண்டேஜ் பதிவு எடுத்தாகிவிட்டதா என்றும் சிலர் கேட்பார்கள். இவ்வளவும் கேட்ட பிறகு விலையைக் குறைக்கச் சொல்வார்.

மோசடிக்காரருக்கு இந்தக் கேள்விகளில் எதுவும் தேவைப்படுவதில்லை. “வண்டி இருக்கிறதா, கடைசி விலை என்ன” என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன தொகைக்கு அப்படியே சம்மதிப்பார். முருங்கைக்காய் வாங்கினாலும் பேரம் பேசும் ஊரில், ஐந்தாறு லட்ச ரூபாய்ப் பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல் ஒருவர் வாங்குகிறார் என்றால், அவர் வாங்க வந்தது அந்தப் பொருளை அல்ல என்று கொள்வதே சரி. “விளம்பரத்தை உடனே எடுத்துவிடுங்கள், வேறு யாரிடமும் பேச வேண்டாம், இப்போதே அட்வான்ஸ் போடுகிறேன்” என்ற அவசரம் அடுத்து வரும். பேச்சை விளம்பரத் தளத்தின் உரையாடல் பெட்டியிலிருந்து வாட்ஸ்அப்புக்கு மாற்றுவதிலும் அவர் குறியாக இருப்பார். வாட்ஸ்அப்புக்கு மாறுவதையே குற்றமாகக் கருத வேண்டியதில்லை. நல்ல வாங்குபவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் தளத்தில் எழுதியதைப் பதிவாக வைத்திருங்கள், அழிக்காதீர்கள்.

சந்தேகம் எழுந்தால் அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளம்பரத்தில் நீங்கள் தெளிவாக எழுதியுள்ள ஒரு விவரத்தைத் தவறாகச் சொல்லிப் பாருங்கள். நான்கு கதவு ஹெரால்டைப் பற்றிப் பேசும்போது, “இரண்டு கதவு வண்டிதான், உங்களுக்குச் சரிதானே” என்று கேட்டால், ஆர்வலர் துள்ளி எழுவார். மற்றவர் “சரி சார், ஒன்றும் பிரச்சினை இல்லை” என்பார். வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டுவதாகச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவரே பார்க்க மறுத்தால் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொல்பவர்

இது இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் நாடகம். அழைப்பவர் தம்மை ராணுவ அல்லது துணை ராணுவப் படை அதிகாரி என்று அறிமுகம் செய்துகொள்வார். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, ஆதார், கேன்டீன் அட்டை என்று நீங்கள் கேட்காமலேயே அனுப்புவார். பணியிடம் தொலைவில் என்பதால் நேரில் வர முடியாது, தம் ஆட்கள் வண்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள், பணம் ‘ராணுவக் கணக்கிலிருந்து’ வரும், அதற்கென்று தனி நடைமுறை உண்டு என்பார். அந்தத் தனி நடைமுறை கடைசியில் நீங்கள் ஒரு கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதில்தான் வந்து முடியும். அனுப்பப்படும் அட்டைகள் பெரும்பாலும் போலியானவை, அல்லது வேறொரு மனிதரிடமிருந்து திருடப்பட்டவை. அவற்றில் இருக்கும் முகத்தையோ பெயரையோ பொதுவெளியில் போட்டுக் குற்றம் சாட்டாதீர்கள். அந்த மனிதரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கக்கூடும்.

ராணுவத்தில் பணிபுரிபவர்கள் வண்டி வாங்குவதே இல்லை என்பதல்ல இதன் பொருள். அவர்கள் வாங்கும்போது மற்றவர்களைப் போலவே தங்கள் சம்பளக் கணக்கிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். அதற்காக விற்பவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

பணம் வரும் வழி

இங்கே மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே: பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் என்ற ரகசிய எண் தேவையே இல்லை. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் அந்த எண் கேட்கப்படும். மற்றவர் அனுப்பிய கியூ.ஆர். குறியீட்டை நீங்கள் ஸ்கேன் செய்தால், நீங்கள்தான் பணம் கொடுப்பவர். முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், இரண்டு ரூபாய் திரும்பி வரும் என்பார்கள்; உண்மையிலேயே வரும். அந்த இரண்டு ரூபாயில் நம்பிக்கை வைத்தவர்கள்தான் அடுத்த குறியீட்டில் இருபதாயிரத்தை இழக்கிறார்கள். தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டு யு.பி.ஐ. மூலம் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுள்ளது என்றாலும், வணிகக் கணக்குகளிலிருந்து வரும் கோரிக்கைகள் தொடர்கின்றன. ஆகவே, நீங்கள் பொருள் எதுவும் வாங்காதபோது கைப்பேசியில் தோன்றும் எந்தக் கோரிக்கையையும் நிராகரித்துவிடுங்கள்.

தொகையையும் கவனியுங்கள். தனிநபர்களுக்கிடையே யு.பி.ஐ. வழியாக அனுப்பக்கூடியது பொதுவாக நாளொன்றுக்கு ரூ. 1 லட்சம் வரைதான். நான்கு லட்சத்தையும் இப்போதே ஜிபேயில் போடுகிறேன் என்பவரின் பேச்சு அங்கேயே உடைந்துவிடுகிறது. வங்கி மூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, இரவு நேரம் என்ற சாக்குகளும் இப்போது செல்லாது: ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதலும், ரூ. 2 லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். சேவை 2020 டிசம்பர் முதலும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. ஆர்.டி.ஜி.எஸ். வழியாக வரும் தொகையைப் பெறும் வங்கி அரை மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் பணம் வந்ததா என்ற கேள்விக்கு விடை உங்கள் வங்கிச் செயலியிலோ கிளையிலோ தெரியும் இருப்பில் மட்டுமே இருக்கிறது. பணம் போனதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மிக எளிது. அப்படிப்பட்ட படத்தை உருவாக்குவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. வரவுச் செய்தியைப் போலவே எழுதப்பட்ட குறுஞ்செய்தியும் வரக்கூடும். வங்கியின் செய்தி அதன் பெயரைக் குறிக்கும் எழுத்துகளுடன் வருமே தவிர, பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது.

இந்தப் போலிச் செய்தியுடன் இணைந்து நடப்பதுதான் ‘தவறுதலாகக் கூடுதல் பணம்’ என்ற உத்தி. ரூ. 5,000 அட்வான்ஸுக்குப் பதில் ரூ. 50,000 போட்டுவிட்டேன், ஆஸ்பத்திரியில் அவசரம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழுகுரலில் ஒரு அழைப்பு வரும். உண்மையாகவே பணம் வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவருடைய வங்கி மூலம் முறைப்படி கோரச் சொல்லி, உங்கள் வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். அமெரிக்காவில் இதே உத்தி காசோலை வடிவில் நடக்கிறது: விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும், வங்கி அதை முதலில் வரவு வைத்துவிடும், மீதியை ‘வண்டி ஏற்றிச் செல்லும் ஏஜென்டுக்கு’ அனுப்பச் சொல்வார்கள், காசோலை போலியென்று சில வாரங்கள் கழித்துத் தெரியும்போது முழுத் தொகையும் விற்பவர் தலையில் விழும். அங்கே வசிக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொண்டே பழைய வண்டியை விற்க இறங்க வேண்டும்.

டிமாண்ட் டிராஃப்ட் தருவதாகச் சொன்னால், அதை வழங்கிய வங்கிக் கிளைக்கு வாங்குபவருடன் நீங்களும் சென்று சரிபார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். 2018 செப்டம்பர் முதல் டிராஃப்டின் முகப்பில் அதை எடுத்தவரின் பெயரும் அச்சாகிறது. அந்தப் பெயர் உங்களோடு பேசியவருடையதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் கொண்டுவரப்படும் டிராஃப்டைத் திங்கட்கிழமை வரை காத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ரொக்கம் என்றால், ஒரே விற்பனைக்காக ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர் மீதே விழும், பல தவணையாகப் பிரித்து வாங்கினாலும் தப்ப முடியாது. வரம்புக்கு உட்பட்ட ரொக்கத்தையும் வங்கியில் வைத்து எண்ணி, அங்கேயே கணக்கில் கட்டிவிடுவது கள்ள நோட்டு அச்சத்தையும் போக்கும்.

கைப்பேசியில் எதையும் புதிதாக நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எனி டெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலிகள் மூலம் கணக்கைக் காலி செய்வது குறித்து ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்திருக்கிறது. ஆர்.டி.ஓ. விவரம் பார்க்க, அபராதம் பார்க்க என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் ஏ.பி.கே. கோப்புகளும் (செயலியை நிறுவும் கோப்புகள்) இதே வேலையைச் செய்பவை.

இருபக்கமும் பேசும் நடு ஆள்

இனி வருவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இதில் வண்டியைப் பார்க்க உண்மையான மனிதர் வருகிறார், அவர் உண்மையான பணத்தைக் கொடுக்கவும் செய்கிறார், அப்படியும் உங்களுக்கு ஒரு ரூபாயும் வந்து சேர்வதில்லை.

நடு ஆள் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து, நீங்கள் சொல்லும் ரூ. 6 லட்சத்துக்குச் சம்மதிக்கிறார். தான் வெளியூரில் இருப்பதால் தன் மைத்துனரையோ கடை மேலாளரையோ வண்டி பார்க்க அனுப்புவதாகச் சொல்கிறார். “அவருக்கு நான் கொஞ்சம் பணம் தர வேண்டியிருக்கிறது, அதற்கு ஈடாகத்தான் இந்த வண்டி, அதனால் அவரிடம் விலையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்” என்று கேட்டுக்கொள்கிறார். அதே நேரத்தில் உங்கள் படங்களைக் கொண்டு ரூ. 4 லட்சம் என்று வேறொரு விளம்பரம் போட்டு, அதைக் கண்டு அழைத்த உண்மையான வாங்குபவரிடம், “வண்டி என்னுடைய மாமா வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், விலை விஷயம் என்னோடு மட்டும்” என்கிறார். அந்த மனிதர் உங்கள் வீட்டுக்கு வருகிறார், வண்டியை ஓட்டிப் பார்க்கிறார், பிடித்துப்போகிறது. நீங்கள் விலை பேசாததை அவரும், அவர் விலை பேசாததை நீங்களும் இயல்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் நடு ஆளின் கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறார். ‘பணம் வந்துகொண்டிருக்கிறது’ என்று நடு ஆள் உங்களிடம் சொல்கிறார். அதன் பிறகு அந்த எண் அணைந்துவிடுகிறது. மீதமிருப்பது, பணம் கொடுத்துவிட்டேன் என்று வண்டியைக் கேட்கும் ஒருவரும், பணமே வரவில்லை என்று சாவியைப் பிடித்திருக்கும் நீங்களும்தான். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்வதற்குள் வாய்ச்சண்டை காவல் நிலையம் வரை போய்விடும்.

இதைத் தடுப்பதற்கு வேண்டியதெல்லாம் ஒரு நிமிடப் பேச்சு. வண்டியைப் பார்க்க வந்து நிற்பவரிடம், அவர் யார், வண்டியை வாங்கப்போவது யார், என்ன விலை சொல்லப்பட்டது, பணம் யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குப் போகும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். விலையைப் பேசாதீர்கள் என்று எவர் கேட்டுக்கொண்டாலும், அந்தக் கோரிக்கையே விலையைப் பேசுவதற்குப் போதுமான காரணம். புரோக்கர் மூலம் நடக்கும் நேர்மையான விற்பனைகளும் ஏராளம். அங்கும் வாங்குபவரும் விற்பவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தொகையை உரக்கச் சொல்லிக்கொண்ட பிறகு, கமிஷனைத் தனியாகத் தந்துவிட வேண்டும்.

வாங்குபவரின் பெயரில் இல்லாத கணக்கிலிருந்து வரும் பணத்தையும் ஏற்காதீர்கள். வேறெங்கோ திருடிய பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துச் சென்றுவிட்டால், திருட்டுக் கொடுத்தவரின் புகாரின் பேரில் முடக்கப்படுவது உங்கள் கணக்காக இருக்கும். அதை விடுவிக்க வெளிமாநிலக் காவல் துறையோடு கடிதப் போக்குவரத்து நடத்த நேரிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடரை வெளிநாட்டிலும் விரும்புபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இவற்றை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. ஆனால், கப்பலில் பணிபுரிகிறேன், கடலில் இருப்பதால் தொலைபேச முடியாது, பேபால் மூலம் பணம் அனுப்பிவிட்டேன், ஏற்றுமதி ஏஜென்டுக்கான கட்டணத்தை மட்டும் நீங்கள் முன்பணமாகக் கட்டுங்கள் என்று ஒரு கடிதம் வந்தால், அதற்குப் பதில் எழுத வேண்டிய தேவையே இல்லை. குறிப்பிட்ட ஓர் இணையதளத்தில் பணம் கட்டி வண்டியின் வரலாற்று அறிக்கையை வாங்கி அனுப்பச் சொல்லும் வாங்குபவர்களைப் பற்றி அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எச்சரித்துள்ளது. அந்தத் தளமும் அவர்களுடையதாகவே இருக்கும். இங்கே அதே உத்தி ‘விண்டேஜ் சான்றிதழுக்கு’ முன்பணம் என்ற வேடத்தில் வரலாம். விண்டேஜ் பதிவுக்கான ரூ. 20,000 அரசுக் கட்டணம். அதைப் பதிவு அதிகாரியிடம் கட்டுவார்களே தவிர, வாங்குபவர் சொல்லும் கணக்கில் அல்ல.

நேரில் பார்க்க வரும் நாளில்

பகலில் வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, நீங்களும் பக்கத்தில் அமர்ந்து செல்லுங்கள். அசல் ஆர்.சி.யும் மாற்றுச் சாவியும் வீட்டிலேயே இருக்கட்டும். இருவராக வந்து, ஒருவர் உங்களைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க மற்றவர் பானட்டுக்குள் குனிந்திருப்பதை அனுமதிக்காதீர்கள். ரேடியேட்டரின் குளிர்நீர்த் தொட்டியில் எண்ணெயை ஊற்றி, இன்ஜின் போய்விட்டது என்று விலையைப் பாதியாக்கும் தந்திரம் பிரிட்டனில் பலமுறை செய்திகளில் வந்திருக்கிறது. பழைய வண்டிகளில் சின்னங்கள், கடிகாரம், சக்கர மூடி போன்றவை மறுபடி கிடைக்காத பொருள்கள் என்பதால், வந்தவர்கள் போகும்வரை வண்டியை விட்டு நகராமல் இருப்பதே நல்லது.

ஒப்படைப்பும் பெயர் மாற்றமும்

முழுத் தொகை கணக்கில் தெரிந்த பிறகே, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திடுங்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எதுவும் நிரப்பாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் ஊரில் பழகிப்போன வழக்கம்; அதற்கு இடம் தராதீர்கள். வேறு மாநிலத்துக்குச் செல்லும் வண்டி என்றால் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கையெழுத்துக்கு இணையானதுதான் என்பதால், பணம் வருவதற்கு முன் அதைச் சொல்லக் கூடாது. டெலிவரி நோட்டில் தேதியுடன் ஒப்படைத்த நேரத்தையும் எழுதி, வாங்குபவரின் அடையாள ஆவண நகலுடன் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றதை அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விற்பவரின் பொறுப்பு. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சான்றாக இருக்கிறது: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் நீதிமன்றம் கூறியது. பெயர் மாற்றத்தை வாங்குபவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், சில வாரங்களில் நீங்களே தளத்தில் சரிபாருங்கள்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டுத் தாமதிப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் தடுத்து நிறுத்த முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. அதே வேளையில் வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். பின் எண்ணைத் தானே கொடுத்தவர் அதுவரை ஏற்பட்ட நஷ்டத்தைத் தாமே ஏற்க நேரிடும் என்றாலும், தகவல் கொடுத்த பிறகு நடக்கும் பரிமாற்றங்களின் நஷ்டம் வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவு சொல்கிறது. உரையாடல்கள், எண்கள், பரிமாற்ற எண், கியூ.ஆர். படம் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத் தளத்திலும் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்யுங்கள்.

சில நாட்கள் கழித்து, சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகவோ, பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் என்றோ ஒருவர் அழைத்து, உங்கள் தொகை கிடைத்துவிட்டது, விடுவிப்பதற்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும் என்று சொல்லக்கூடும். ஏமாந்தவர்களின் எண்கள் மோசடிக்காரர்களிடையே கைமாறுவதால் வரும் அழைப்பு அது. 1930இல் புகார் பதிவதற்கும் முடக்கிய தொகையைத் திரும்பப் பெறுவதற்கும் காவல் துறை எவரிடமும் கட்டணம் வசூலிப்பதில்லை.